மதிப்புப் போட்ட கடிகாரம்

எங்கள் அப்பா செத்தபோது அவருடைய கடிகாரம் நின்றுபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் ஏதோ தெய்வச் செயல் போலத் தலையை ஆட்டுவார்கள். அப்படி ஒன்றுமில்லை. ஆடிப் பதினெட்டுக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். கிளம்புகிற அன்று காலையில் சாவி கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு முழுச் சாவிக்கு அது ஒன்றரை நாள் ஓடும். அதற்கப்புறம் சாவி கொடுக்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

வீடு கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் இருந்தது. அப்பா வேட்டிக்கு மேலே நாலு விரல் அகலத்துக்குப் பெல்ட் கட்டுவார். அந்தப் பெல்ட்டின் பையில் பணம் இருக்கும், வெற்றிலை இருக்கும், கடிகாரம் இருக்கும். முன்னும் பின்னும் மூடி போட்ட உருண்டைக் கடிகாரம். தலையில் இருக்கும் குமிழை அழுத்தினால் முன்மூடி டப்பென்று திறந்துகொள்ளும். வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் இருந்த ஒரு துரை ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது, நாற்காலி மேஜையெல்லாம் விற்றதில் இதையும் சேர்த்து அப்பா வாங்கினாராம். பின்மூடியில் அந்த துரையின் பெயரெழுத்துகள் இங்கிலீஷில் பின்னிப் பிணைந்து இருக்கும். மஞ்சளாக இருந்ததால் கில்ட்டு என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

எனக்கு ஒன்பது வயதில் ஆயில் என்ஜின் பெல்ட்டில் மாட்டி அப்பாவின் வலது கைக் கட்டைவிரல் பாதியும் பக்கத்து விரல் நுனியும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு காலையில் கடிகாரத்தை என்னிடம் நீட்டி, சாவி கொடு என்றார். குமிழைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து முப்பது தடவை திருக வேண்டும். கடைசி இரண்டு மூன்று திருகல் கெட்டியாக இருக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அன்றைக்கு ஆரம்பித்தது, இருபத்திரண்டு வயதில் தாராபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிற வரைக்கும் ஒரு நாள் தவறாமல் நடந்தது. காய்ச்சலில் கிடந்தபோதுகூடக் கட்டிலுக்குக் கொண்டுவந்து நீட்டினார்.

கல்யாணத்துக்கு அப்புறம் வேறு யாராவது அந்த வேலையைச் செய்திருக்கலாம். இரண்டு அண்ணன்மார், இரண்டு அண்ணிமார், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். அப்பா யாரிடமும் கொடுக்கவில்லை. இடது கையாலேயே அவர் திருகியிருக்கலாம். எத்தனையோ வேலைகளை அந்த இடது கையால் செய்த மனிதர்தானே. அவர் செய்யவில்லை. நான் தீபாவளிக்கோ கோயில் நோம்பிக்கோ போனால், வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் முன்பே பெல்ட்டிலிருந்து கடிகாரம் வெளியே வரும். இருக்கிற நாளெல்லாம் ஓடும். நான் போன மறுநாள் நிற்கும். நின்றதையே பெல்ட்டில் சுமந்துகொண்டு அவர் தோட்டம் சுற்றுவார். மணி வேண்டுமென்றால் வேலைக்காரனைக் கேட்பார்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் புரட்டாசியில் அப்பா போனார். தை மாதம் சொத்துப் பேச்சு வந்தது. அண்ணன்மார் இருவரும் தோட்டத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெரியண்ணன் விவசாயம். சின்னண்ணன் கோயமுத்தூரில் பம்பு செட்டுக்குச் சாமான் செய்கிற பட்டறை வைத்திருந்தார். வக்கீல், பெண்ணின் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண்கள் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு வழி உண்டு. அண்ணன்மார் சீர் என்று ஒரு தொகையைத் தட்டில் வைப்பார்கள், தங்கச்சி அதை எடுத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பாள். எனக்கு ஐம்பதாயிரம் வைப்பதாகச் சொன்னார்கள். நான் தாராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரம்மா. எங்கள் தோட்டத்தின் விலை என்னவென்று எனக்குக் கணக்குப் போடத் தெரியாமலில்லை. இருந்தாலும் சரி என்றேன். அண்ணன் தங்கச்சி என்று நாளைக்கு ஒரு வாசல் இருக்க வேண்டுமே என்றுதான்.

அதோடு அப்பா கடிகாரத்தை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். பெரியண்ணன் சிரித்துவிட்டார். "அந்தக் கில்ட்டுக் கடியாரமா? எடுத்துக்கிட்டுப் போ அம்மணி, அதுக்குப் போயிக் கேக்கோணுமா" என்றார். பெட்டியைத் திறந்து எடுத்துக் கையில்கூட வைத்துவிட்டார். கடிகாரம் என் கையில் இருந்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சின்னண்ணி அப்போது சின்னண்ணன் முகத்தைப் பார்த்தார். வெறும் பார்வைதான். அவ்வளவு பெரிய சொத்தில் ஒரு கடியாரத்தைக் கேட்கிறாளே, அதில் என்ன இருக்கிறதோ என்கிற பார்வை. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. நாளைக்கு எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலாவது, அவ அன்னைக்கே கடியாரத்தை அமுக்கிக்கிட்டுப் போனா என்று ஒரு சொல் வரும். சொல் வாங்கிப் பிழைப்பதை விடப் பட்டினி கிடக்கலாம் என்று வளர்க்கப்பட்டவள் நான். கடிகாரத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, "சும்மா வேண்டாமுங்ண்ணா. மதிப்புப் போட்டு என் பங்குல கழிச்சுக்கோங்க" என்றேன். பெரியண்ணன் எவ்வளவோ சொன்னார். நான் இறங்கவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து மூன்று பேருமாகக் கோயமுத்தூர் பெரிய கடை வீதியை ஒட்டிய ஒரு சந்துக்குப் போனோம். அங்கே வாட்ச் கடை வைத்திருந்த பாய், பழைய கடிகாரங்களைப் பார்த்து மதிப்புச் சொல்வதில் பேர் போனவர் என்று சின்னண்ணனுக்குப் பட்டறையில் பழக்கமான ஒருவர் சொல்லியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஓர் ஆள் உட்காரும் கடை. நாங்கள் மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நாங்கள் கதை சொல்ல ஆரம்பித்ததும், முதலில் பார்த்துக்கொள்கிறேன், அப்புறம் கேட்டுக்கொள்கிறேன் என்று கையமர்த்திவிட்டார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். வெள்ளைத் தாள் விரித்து அதன் மேல் கடிகாரத்தை வைத்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டார்.

அரை மணி நேரம் பார்த்தார். முதலில் முன்மூடியைத் திறந்து வெள்ளைப் பீங்கான் முகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஏழு மணிக்குப் பக்கத்தில் முடி மாதிரி ஒரு விரிசல் இருப்பதைக் காட்டினார். அத்தனை வருஷம் பார்த்த நான் அதைப் பார்த்ததேயில்லை. பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார். உள்ளே இன்னொரு மூடி. அதையும் திறந்து மூன்று மூடிகளின் உட்பக்கத்தையும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எள்ளளவுக்கு ஒரு பெண் தலை முத்திரை. பக்கத்தில் பதினெட்டு என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு நீள நம்பர். அதே நம்பர் மூன்று இடத்திலும் இருந்தது.

"கில்ட்டு இல்லீங்க. பதினெட்டு காரட் தங்கமுங்க" என்றார். மூடி ஒன்றுகூட மாறவில்லை, மெஷினும் மாறவில்லை, எண்பது வருஷத்துக்கு முன்னால் செய்த அன்று இருந்தபடியே இருக்கிறது என்றார். பின்னால் இருந்த துரையின் எழுத்தை ஒரு காலத்தில் சின்னண்ணன் பட்டறையில் வைத்துத் தேய்த்துவிடலாம் என்று சொன்னதுண்டு. தேய்க்காமல் விட்டீர்களே, அது இருந்தால்தான் இதை வாங்குகிறவன் வாங்குவான் என்றார் பாய். மூடியின் உள்ளே ஊசியால் கீறின பொடி எழுத்துகள் சில இருந்தன. அது ரிப்பேர் பார்த்தவர்கள் போடுகிற அடையாளமாம். நாலு பேர் கை பட்டிருக்கிறது, நாலு பேருமே வேலை தெரிந்தவர்கள் என்றார்.

கடைசியில் குமிழைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இதற்கு யாராவது தினமும் சாவி கொடுத்தார்களா என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"குமிழோட பல்லு பூராம் தேஞ்சு போச்சுங்கம்மா. அதுக்கு ஒரு ரெண்டாயிரம் கழிக்கோணுங்க" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தங்கத்தில் கொஞ்சம் என் விரலோடு போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பதின்மூன்று வருஷக் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக. சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொல்ல வேண்டும். அந்தச் சந்தோஷம் அடுத்த பேச்சு வருகிற வரைக்கும்தான்.

கழித்ததெல்லாம் போக அறுபதாயிரத்துக்குக் குறையாது என்றார் பாய். மெட்ராஸிலோ பம்பாயிலோ பழைய கடிகாரங்களையே சேர்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள், பொறுமையாகத் தேடினால் எழுபதுகூட வரும், நானே எழுதிப்போட்டு விசாரிக்கிறேன் என்றார். கம்பெனியின் பெயரையும் சொல்லி, அது ஏன் உசத்தி என்றும் விளக்கினார். யாரும் காதில் வாங்கவில்லை. பெரியண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னண்ணன் கடிகாரத்தை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வரும்போது அதை நான்தான் என் கைப்பையில் கொண்டுவந்திருந்தேன்.

கணக்கு வாத்தியாரம்மாவுக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. என் சீர் ஐம்பது. கடிகாரம் அறுபது. கழித்தால் நான்தான் அண்ணன்மாருக்குப் பத்தாயிரம் கொடுக்க வேண்டும். என்னிடம் இல்லை. இருந்தாலும் அது நியாயமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கில்ட்டு என்று நினைத்துச் சும்மா கொடுத்ததைத் தங்கம் என்று தெரிந்த பிறகு சும்மா கொடுக்க முடியாது. அப்படிக் கொடுத்தால் வாங்க நானும் தயாரில்லை.

சின்னண்ணன் அதை எடுத்துக்கொண்டு ராஜ வீதியில் மூன்று நகைக் கடை ஏறி இறங்கினார். மூன்று கடையிலும் ஒரே பேச்சு. தங்கத்தை எடை போடுவோம், மெஷினை எடையில் கழிப்போம். பதினைந்தாயிரம் வரும். அவருக்கு அதுதான் நம்பும்படி இருந்தது. பாய் சொன்ன அறுபதாயிரம் பாயின் வாயில் இருக்கிறது, தராசு சொல்கிற பதினைந்து கையில் இருக்கிறது என்றார். எங்கள் வீடுகளில் எது தங்கமாக இருந்தாலும் அதைத் தராசுத் தட்டில் வைத்தால்தான் மனசு ஆறும். வளையலில் கல் பதித்திருந்தால் கல்லைக் கழிப்பார்கள். தாலிக்கொடியில் நூல் இருந்தால் நூலைக் கழிப்பார்கள். கடிகாரத்தில் ஓடுகிற மெஷின் இருந்தால் அதுவும் அந்தக் கணக்கில் கழிவுதான்.

அறுபது என்று வைத்தால் எனக்கு ஆகவில்லை, பதினைந்து என்று வைத்தால், பாய் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால் என்று சின்னண்ணனுக்கு ஆகவில்லை. இரண்டு மாதம் இழுத்தது. பத்திரம் பதிய முடியாமல் நின்றது. கடைசியில் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதிலும் அவர் சொல்தான் கடைசிச் சொல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"தராசுக்குத் தெரியறதைப் பசங்க ரெண்டு பேரும் சரிபாதியா எடுத்துக்குங்க. தராசுக்குத் தெரியாததை அம்மணி எடுத்துக்கட்டும். அவ கேட்டது கடியாரந்தானே கண்ணு, ஓடறதுதானே கடியாரம்."

மாமன் கெட்டவர் இல்லை. யாருக்கும் ஒரு காசு குறையாமல், யாரும் யாருக்கும் கடன்படாமல் தீர்த்துவிட்டதாக மனப்பூர்வமாக நம்பினார். பெரியண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பிடித்துக்கொண்டிருப்பார். மதிப்புப் போடச் சொன்னவளே நான்தான். இப்போது மதிப்பெல்லாம் வேண்டாம், முழுசாகக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்ச என் வாய் வரவில்லை. சரிங்க மாமா என்றேன். பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

மறுபடி அதே சந்து, அதே பெஞ்சு. விஷயத்தைக் கேட்டதும் பாய் வேலையை நிறுத்திவிட்டார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஒண்ணா இருந்தா அறுவதாயிரமுங்க. பிரிச்சா தங்கம் பதினஞ்சு. மெஷினுக்கு ஒண்ணுமே இல்லீங்க. நாப்பத்தஞ்சாயிரம் எங்கீங்க போகும்?"

சின்னண்ணன், பேசி முடித்தாகிவிட்டது, நீங்கள் கழற்றிக் கொடுங்கள் என்றார். பாய் வேறு கடைக்குப் போகச் சொல்லிப் பார்த்தார். போனால் அங்கே குறடு வைத்து நெம்புவார்கள் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். மறுபடி கை கழுவிக்கொண்டு வந்தார்.

கழற்றுவதற்கு முன்னால் என்னிடம் நீட்டி, நீங்களே ஒரு தடவை சாவி கொடுங்கள் என்றார். குமிழும் தங்கம், அதுவும் போகிறது, போன பிறகு சாவி கொடுக்க முடியாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடை வாசலில் நின்றுகொண்டு முப்பது திருகினேன். எண்ணித்தான் திருகினேன். கடைசி மூன்று கெட்டியாக வந்தது. காதில் வைத்துக் கேட்டேன். நல்ல கனத்த சத்தம். அப்பா பெல்ட்டுப் பக்கம் தலை வைத்துத் தூங்கின நாளில் கேட்ட அதே சத்தம்.

பாய் ஒரு பொடித் திருகைத் தளர்த்திக் குமிழைத் தண்டோடு உருவினார். மூடிகளைக் கீலோடு எடுத்தார். ஓடிக்கொண்டிருந்த மெஷினை, முகமும் முள்ளும் அப்படியே இருக்க, பழைய ஷூ பாலிஷ் டப்பா ஒன்றைக் கழுவி வைத்திருந்ததில் காகித வளையம் செய்து பதித்து மூடினார். பஞ்சு வைக்கக் கூடாதாம், இழை உள்ளே போய்விடுமாம். மூடிகளும் வளையமும் குமிழும் சின்னண்ணனின் கைக்குட்டைக்குப் போயின. தங்கத்தை உருக்கிக் கொடுக்கிற ஆசாரி வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது.

அவர்கள் முன்னால் நடந்த பிறகு பாய் என்னை நிறுத்தினார். இரும்பில் ஒரு குமிழ் தேடி வைக்கிறேன், பதினைந்து நாள் கழித்து வாருங்கள், அதைப் போட்டால் சாவி கொடுக்கலாம் என்றார். அப்புறம், "அதுவரைக்கும் டப்பாவைத் தொறக்காதீங்கம்மா. நின்னு போனாலும் நிக்கட்டும். தூசி பட்டாப் போச்சு, கை பட்டா அதைவிடப் போச்சு" என்றார். சரிங்க பாய் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

பல்லடம் வழியாகப் போகும் பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை. உள்ளங்கையில் மட்டும் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் என் கணவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றைக்கே அண்ணன் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அதனாலேயே அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து டப்பாவைக் காதில் வைத்தேன். நின்றிருந்தது.

நிற்கும் என்று தெரியும். ஒன்றரை நாள் கணக்கு எனக்குத் தெரியாதா. அப்பா இருந்தபோது எத்தனை முறை அது இப்படி நின்றிருக்கிறது. ஆனால் அப்போதெல்லாம் அது எங்கேயோ நின்றது, நான் பார்த்ததில்லை. இப்போது என் வீட்டில், என் கையில் நின்றிருந்தது. பதினைந்து நாள் பொறுத்திருந்தால் இரும்புக் குமிழ் வந்திருக்கும். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கொஞ்சம் கம்மி. டப்பாவைத் திறந்தேன். மெஷினைத் தாளில் கவிழ்த்தேன். உள்ளே ஒரு சின்னச் சக்கரம், அதன் மேல் தலைமுடியை விட மெல்லிசாகச் சுருள் கம்பி. ஓடும்போது அந்தச் சக்கரம்தான் இப்படியும் அப்படியும் ஆடும் என்று தெரியும். தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து அதை லேசாகத் தள்ளிவிட்டேன்.

ஆடியது. நாலைந்து அடி அடித்தது. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நின்றதும் மறுபடி தள்ளினேன். ஊசியை எடுக்கும்போது சுருள் கம்பி ஊசியின் முனையில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. கையை உதறினேன். சிக்கெடுக்கப் போய் இன்னும் சிக்காக்கினேன். விரலில் சாக்பீஸ் தூள் வேறு. கால் மணி நேரத்தில், எண்பது வருஷமாக நாலு பேர் பார்த்துப் பார்த்து வைத்திருந்ததை நான் ஒருத்தியே முடித்துவிட்டேன். டப்பாவை மூடி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். அன்றைக்கு நான் அழுத அழுகை அப்பா செத்தபோதுகூட அழவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் வந்தார். தேங்காய் ஒரு மூட்டை, முருங்கைக்காய் ஒரு கட்டு. காப்பி குடித்தார். என் கணவர் கடைக்குப் போகிற வரை காத்திருந்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து நகைக் கடை ரோஸ் தாள் மடிப்பு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பிரித்தேன். குமிழ், தண்டோடு.

"உருக்கறப்ப இதை மட்டும் எடுத்துப்போட்டேன். சின்னவனுக்குத் தெரியாது. இது இருந்தாத்தானே நீ சாவி குடுப்பே" என்றார். அப்புறம், "அய்யன் கடியாரம் ஓடற சத்தத்தை எனக்கு ஒருக்காக் கேக்கோணும் அம்மணி. அந்த ஊட்ல இருந்தும் நான் கேட்டதே இல்ல பாரு" என்றார்.

அலமாரி அவருக்குப் பின்னால்தான் இருந்தது. மெஷின் பாய் கடையில் இருக்கிறது, எண்ணெய் போடக் கொடுத்திருக்கிறேன் என்றேன். சரி, அடுத்த தடவை வரும்போது கேட்டுக்கொள்கிறேன் என்று எழுந்தார்.

அந்த வாரமே லீவு போட்டுவிட்டு டப்பாவையும் குமிழையும் எடுத்துக்கொண்டு பாயிடம் ஓடினேன். இரும்புக் குமிழ் ஒன்றைத் தேடி வைத்திருந்தார். டப்பாவைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடியை எடுத்துவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஊசியாங்க என்று மட்டும் கேட்டார். சுருள் கம்பி மட்டுமல்ல, சக்கரத்தின் அச்சும் ஒடிந்திருந்தது. அந்தக் கம்பெனிச் சாமான் இங்கே எங்கேயும் கிடைக்காது என்றார். குமிழைத் திரும்ப ரோஸ் தாளில் மடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பெரியண்ணன் சித்திரையில் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் தெருமுனையில் வருவதை ஜன்னலில் பார்த்துவிட்டேன். என் கையில் சின்னதாக ஒரு வாட்ச் கட்டியிருந்தேன், கல்யாணமான புதிதில் கணவர் வாங்கிக் கொடுத்தது, தினமும் சாவி கொடுக்கிற ரகம். எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. அதைக் கழற்றி ஷூ பாலிஷ் டப்பாவுக்குள் மெஷினுக்குப் பக்கத்தில் திணித்து, வார் வெளியே தெரியாமல் மடக்கி, மூடியை அழுத்தி மூடினேன்.

உட்கார்ந்ததும் அதைத்தான் கேட்டார். டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். தூசி படும், திறக்க வேண்டாம் என்று பாய் சொல்லியிருக்கிறார் என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை. அண்ணன் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு வைத்துக்கொண்டார். என் வாட்சுக்குப் பொடிச் சத்தம். அப்பா கடிகாரத்தின் சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். கண்டுபிடித்துவிட வேண்டும் என்றும் இருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டார். கண் ஓரத்தில் தண்ணீர் வந்திருந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

"அய்யன் கடியாரந்தான்" என்றார். டப்பாவை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தெனமும் மறக்காமச் சாவி குடு அம்மணி. நின்னுரப் போகுது" என்றார்.

சரிங்ண்ணா என்றேன்.